பூவிழி போட்ட லைன்

மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பூவிழி பல வருடங்கள் வேலை பார்த்தாள். சாவி கொடுப்பது, பெயர் பதிவது, ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு வழி சொல்வது எல்லாம் அவள் வேலை. இவற்றோடு யாரும் சொல்லாமலே வந்து ஒட்டிக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. தங்க வந்தவர்கள் போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து, "வைஃபை காட்டுது, இன்டர்நெட் மட்டும் வரல" என்று அவள் முன்னால் நிற்பார்கள்.

ஹோட்டலுக்கு அந்த வசதியைப் போட்டுக் கொடுத்த எட்ரியன் ஈப்போவில் இருந்தான். மழை நாளில் அவன் மலையேறி வந்து சேர்வதற்குள் குறை சொன்னவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் போனில் பேசியபடியே அவளைப் பார்க்க வைப்பான்.

"செட்டிங்ஸ்ல போங்க. ஐ.பி. அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும். அந்த நம்பரப் படிங்க."

"நூத்தி அறுபத்தொம்பது புள்ளி இருநூத்தி அம்பத்து நாலு…"

"போதும்லா. அது யாரும் குடுத்த நம்பர் இல்ல. லேப்டாப்பு உள்ள வந்ததும் எனக்கு ஒரு அட்ரஸ் குடுன்னு கேட்டிருக்கு. யாரும் பதில் சொல்லல. அதுவே ஒரு நம்பர வச்சிக்கிச்சி. மேல் மாடியில அட்ரஸ் குடுக்குற பெட்டிக்குக் கரண்டு இருக்கான்னு பாருங்க."

அவள் போய்ப் பார்த்தாள். தரைவிரிப்பைச் சுத்தம் செய்ய வந்தவர் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் மிஷினை மாட்டியிருந்தார்.

அன்றிலிருந்து பூவிழிக்கு அந்த எண்கள் மேல் ஒரு பிடிப்பு வந்தது. கம்பிக்குள்ளும் காற்றுக்குள்ளும் ஏதோ மாயம் நடக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அங்கே கேள்வியும் பதிலும்தான் நடந்துகொண்டிருந்தன. யார் முகவரி கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், எந்த வழியாக வெளியே போகச் சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள், ஆள் வராத மத்தியான நேரங்களில் வரவேற்பு மேசைக் கணினியில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். புரியாததை எட்ரியனிடம் கேட்டாள். அவனும் சலிக்காமல் சொன்னான்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஹோட்டலை மூடினார்கள். மறுபடி திறந்தபோது பாதி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். அதில் பூவிழி பெயர் இல்லை.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேல் லைனில் அவள் வீடு. கணவன் குகன் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவன் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. முதல் சில வாரங்கள் பித்துப் பிடித்தவள் போலப் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். பிறகுதான் வெளியே நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

லைன் வீடுகளில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்து வளைவில் மட்டும் லேசாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் ஆட்கள் அங்கே குடையோடு நிற்பார்கள். பக்கத்து வீட்டுக் குமுதா கொழுந்து பறிப்பவள். தாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அம்மாவோடு பேச மழையில் நின்று நின்று அவளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த பூவிழி, "தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் நல்ல இன்டர்நெட் லைன் வருதுல்ல, அக்கா? அங்கேருந்து இங்க எவ்வளவு தூரம்?" என்றாள்.

"நடந்தா ரெண்டு வளைவு. ஏன் கேக்குற?"

"கம்பி இழுக்கத்தான்."

மறுநாள் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். தோட்டத்தில் இன்னமும் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆபீசிலிருந்து பொது மண்டபம் வரை கம்பி வரும். அதற்கு அப்பால் லைன்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நிபந்தனையும் சொன்னார். மேல் லைன், கீழ் லைன் மட்டும் போதாது. வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கும் புது லைனுக்கும் கொடுக்க வேண்டும். பூவிழி சரி என்றாள்.

எட்ரியன் ஹோட்டல்களில் கழற்றிப் போட்ட பழைய வைஃபை பெட்டிகளில் நல்லதாகப் பார்த்து அனுப்பினான். ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கும் மிஷின் ஓட்டும் முனியாண்டியைத் தலைவராக வைத்து லைன்காரர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். வயது அறுபதை நெருங்கினாலும் கம்பம் ஏறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரும் புது லைனிலிருந்து வந்த ஷாஹிதுல் என்ற இளைஞனும் கம்பத்துக்குக் கம்பம் கம்பி கட்டினார்கள். லைனுக்கு ஒரு கம்பத்தில் வைஃபை பெட்டியை மாட்டி, கம்பி சேரும் கருவிகளை அதன் கீழே ஒரு தகரப்பெட்டிக்குள் பூட்டினார்கள்; சாவி பூவிழியிடமும் முனியாண்டியிடமும் இருந்தது.

திறப்பதற்கு முன்னால் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லாருக்கும் வெளியே ஒரே ஒரு முகவரிதான் என்று பூவிழி சொன்னதும் சலசலப்பு எழுந்தது.

"ஒரே அட்ரஸ்ஸா? அப்ப என் மவ அனுப்புற படம் குமுதா வீட்டுக்குப் போயிட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

பூவிழி கொஞ்சம் யோசித்தாள். "நமக்கு லெட்டர் எப்படி வருது? வெளியே இருக்கிறவங்களுக்கு நம்ம எல்லாருக்கும் தோட்டத்து ஆபீஸ் அட்ரஸ் ஒண்ணுதான் தெரியும். ஆபீசுக்கு வந்ததும் கணக்கு எழுதுற கிராணி பேரப் பார்த்து எந்த லைன், எந்தக் கதவுன்னு பிரிச்சிக் குடுக்குறாரு. கதவு நம்பர் தோட்டத்துக்குள்ளதான் செல்லும். பக்கத்துத் தோட்டத்துலயும் பத்தாம் நம்பர் வீடு இருக்கு, ஆனா குழப்பம் வர்றதில்ல. இதுவும் அப்படித்தான். மண்டபத்துல இருக்கிற பெட்டிதான் கிராணி. உங்க போன் வந்து கேட்டதும் உள்ளுக்கு மட்டும் செல்லுற ஒரு நம்பர் குடுக்கும். நீங்க வெளியே எதக் கேட்டாலும் அது வழியாத்தான் போகும். யாரு கேட்டாங்கன்னு ஞாபகம் வச்சிக்கிட்டு, வர்ற பதில அவங்ககிட்டயே சேர்த்திடும்."

அவள் கரும்பலகையில் 192.168.10.25 என்று எழுதினாள். முதல் மூன்று பகுதியும் தோட்டம் மாதிரி, எல்லாருக்கும் பொது. கடைசிப் பகுதிதான் கதவு எண், ஆளுக்கு ஒன்று. முதல் மூன்றும் ஒன்றாக இருப்பவர்கள் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். மற்ற யாரிடம் பேசுவதென்றாலும் வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் 192.168.10.1, மண்டபத்துப் பெட்டி.

"இவ்வளவுதானா?" என்றார் முனியாண்டி.

"இவ்வளவுதான் மாமா. மிச்சமெல்லாம் இதுமேல கட்டுனது."

லைன் திறந்த அன்று சாயந்தரம் கொட்டகை வளைவில் யாரும் நிற்கவில்லை. குமுதா தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தபடி அம்மாவோடு பேசினாள். ஷாஹிதுல் ஓடிவந்து போனைப் பூவிழி முன்னால் நீட்டினான். வங்காளதேசத்தில் குமில்லாவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து அவன் மனைவி, மடியில் கைக்குழந்தையோடு சிரித்தாள். அந்தக் குழந்தையை அவன் இன்னும் கையில் தூக்கியதில்லை. தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில், "அக்கா, பாரு, என் மூக்கு" என்று சொல்லித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. மழைக்காலம் தொடங்கியபோது கோளாறும் தொடங்கியது.

ஒரே வீட்டில் ஒரு போனுக்கு வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. காலையில் வந்தது மாலையில் நின்றது. கரண்டு போய்த் திரும்பிய நாட்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. வைஃபை குறி மட்டும் முழுசாக நின்றது. ஃபேக்டரியிலும் மலைச்சரிவிலும் இதே பேச்சு. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. புது லைன்காரர்கள்தான் காரணம் என்ற பேச்சு பரவிவிட்டது. வேலை விட்டு வந்ததும் மொத்தமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ போட்டுப் பேசுகிறார்கள், அவர்கள் இழுத்துக்கொள்வதால்தான் நமக்கு இல்லை என்றார்கள்.

பூவிழி மண்டபத்துப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். கொடுப்பதற்கு எண்கள் நிறைய மிச்சம் இருந்தன. வெளியே போகும் பாதையிலும் நெரிசல் இல்லை. அதைக் கமிட்டியில் சொன்னாள்.

"அப்ப எதனாலன்னு சொல்லு" என்றார் ஒருவர்.

"அது இன்னும் தெரியல" என்றாள் பூவிழி.

"தெரியலன்னா, மொதல்ல அந்த லைன அறுத்துப் பாப்போம்" என்றார் அவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலைவர் என்ற முறையில் முனியாண்டியும் கடைசியில் சரி என்றார். பூவிழி மண்டபத்துக்குள் போய்ப் புது லைன் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

அன்று மாலை ஷாஹிதுல் வந்தான். "அக்கா, எங்க லைன் கெட்டுப்போச்சா?"

"ஆமாம்பா. பாக்குறேன்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே வந்து சோறு போட்டவளுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. குகன் அன்று வீட்டில் இருந்தான்.

"என்ன பூவு?"

"பொய் சொல்லிட்டேன்." நடந்ததைச் சொன்னாள்.

குகன் தட்டைத் தள்ளி வைத்தான். "லோரி நின்னுபோச்சின்னா, பின்னால உக்காந்திருக்கிறவன எறக்கி விட்டாலா ஓடும்? எஞ்சினத் தொறந்து பாரு."

மறுநாள் மழை விட்டிருந்தது. புது லைன் அறுந்தே கிடந்தது. ஆனாலும் குமுதா வந்து வாசலில் நின்றாள். "பூவு, இன்னிக்கும் வரலயேம்மா."

பூவிழிக்குள் ஏதோ லேசானது. அப்படியென்றால் காரணம் புது லைன்காரர்கள் இல்லை. குமுதாவை உட்கார வைத்துவிட்டு அவள் போனை வாங்கி அதில் இருந்த எண்ணைப் படித்தாள். 192.168.0.7.

மறுபடியும் படித்தாள். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. வாசல் என்று அந்தப் போன் நம்பிக்கொண்டிருந்தது 192.168.0.1 என்ற எண்ணை. அப்படி ஒரு வாசலை அவள் வைக்கவே இல்லை.

"அக்கா, உங்க போனுக்கு வேற யாரோ வீடு குடுத்திருக்காங்க."

"என்னது?"

"நம்ம தோட்டத்துல இல்லாத வீடு. வாங்க."

இருவரும் மண்டபத்துக்கு நடந்தார்கள். போகும் வழியில் பூவிழி விளக்கினாள். போன் உள்ளே வந்ததும், முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடும். யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். இத்தனை நாளும் பதில் சொல்ல ஒருவர்தான் இருந்தார். இப்போது எங்கேயோ இன்னொரு பெட்டி உட்கார்ந்து அதுவும் எண் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல பெட்டி முந்தினால் இன்டர்நெட் வரும். அந்தப் பெட்டி முந்தினால் வைஃபை குறி மட்டும் வரும், வெளியே போக வழி இருக்காது. கரண்டு போய்த் திரும்பினால் எல்லாப் போனும் மறுபடி கேட்கும். அதனால்தான் அந்த நாட்களில் இவ்வளவு பேருக்கு இல்லாமல் போனது.

"எங்க இருக்கு அது?"

"அதத்தான் பாக்கணும்."

மண்டபத்தில் குமுதாவின் போனில் 192.168.0.1 என்று அடித்தாள். கடவுச்சொல் கேட்கும் ஒரு பக்கம் திறந்தது. அது அவள் பெட்டிகளின் பக்கம் இல்லை, வேறு கம்பெனியுடையது. பிறகு மண்டபத்திலிருந்து வெளியே போகும் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். மேல் லைன் கம்பியை எடுத்தாள், அப்போதும் பக்கம் வந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டுக் கீழ் லைன் கம்பியை எடுத்தாள், பக்கம் வரவில்லை. மாட்டினாள், வந்தது.

"கீழ் லைன். அந்தக் கம்பியோட மறுமுனையிலதான் அந்தப் பெட்டி இருக்கு" என்றாள். குமுதா கம்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கீழ் லைனுக்குப் பூவிழி தனியாகப் போனாள். கம்பத்துத் தகரப்பெட்டியைத் திறந்தாள். அவள் போட்ட கம்பிகள் எல்லாம் நீலம். நடுவில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அது கம்பத்திலிருந்து இறங்கி, கூரை ஓரமாக ஓடி, ஒரு வீட்டுச் சன்னல் இடுக்கில் நுழைந்தது. முனியாண்டி வீடு.

அவர் வெளியே மோட்டர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கம்பியைப் பார்த்தபடி வருவதைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தார்.

"உள்ள வாம்மா" என்றார்.

பின் அறையில் அவர் மனைவி அம்மாக்கண்ணு படுத்திருந்தார். இடுப்பு ஒடிந்ததிலிருந்து அந்தக் கட்டில்தான் அவருக்கு எல்லாம். முன் அறையில் கிடைக்கும் வைஃபை சிக்னல் சுவரைத் தாண்டி அங்கே வராது. மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் பச்சை விளக்கு மினுக்க ஒரு பெட்டி இருந்தது.

"மவ வீட்டுல சும்மா கெடந்த பெட்டி. கம்பி சொருகுனா பக்கத்துல நல்லா வரும்னு கடையில சொன்னான். நாலு ஓட்ட இருந்திச்சி, ஒண்ணுல சொருகுனேன்" என்றார் முனியாண்டி. "ரெண்டு நாள் வந்திச்சி. அப்புறம் இங்கயும் போயிடுச்சி."

"எப்ப மாட்டுனீங்க மாமா?"

அவர் பதில் சொல்வதற்கு முன்பே அம்மாக்கண்ணு சொன்னார். "மழை தொடங்குனப்பம்மா."

முனியாண்டி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப எல்லாருக்கும் போனது இதாலயா? அந்தப் பசங்களுக்கு அறுத்துவிட்டோமே?"

"பெட்டி மேல தப்பில்ல. நம்ம தோட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு கிராணி இருக்காரு. இது வந்து ரெண்டாவது கிராணியா உக்காந்து, தானும் வீடு பிரிச்சிக் குடுக்குது. குடுக்காதேன்னு இதுக்குச் சொல்லிட்டா போதும். அத்தைக்குப் பக்கத்துல சிக்னல் நல்லா கெடைக்கும், மத்தவங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

அவள் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். அந்தப் பெட்டிக்குள் போய், முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தினாள். அதற்கென்று வேறு யாருக்கும் போகாத ஓர் எண்ணை, பத்தில் வரும் வரிசையிலேயே ஒதுக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டாள். அம்மாக்கண்ணுவின் போனில் 192.168.10.61 என்று வந்தது. சிங்கப்பூருக்கு அழைத்தாள். மகள் வேலை இடத்திலிருந்து, "என்னம்மா இந்த நேரத்துல?" என்று கேட்ட குரல் தெளிவாக வந்தது.

பூவிழி நேராக மண்டபத்துக்குப் போய்ப் புது லைன் கம்பியை மாட்டினாள். மாட்டிவிட்டு அந்த லைனுக்கே நடந்தாள். ஷாஹிதுல் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து லைன் கெட்டுப்போச்சின்னு சொன்னேன்ல, அது பொய். கமிட்டியில சொன்னாங்க, நான்தான் பிடுங்குனேன். உங்க மேல தப்பே இல்ல."

அவன் உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டான். "தெரியும் அக்கா. நான்தானே அந்தக் கம்பி கட்டினேன். எங்க பெட்டி விளக்கு எரியுது, கம்பி விளக்கு எரியல. யாரோ எடுத்துட்டாங்கன்னு தெரியும்." பிறகு, "நீ வந்து சொன்ன. போதும்" என்றான். உட்காரச் சொல்லிக் குட்டைப் பலகை ஒன்றைத் தள்ளிப் போட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன சொல்வது என்று பூவிழி யோசித்துக்கொண்டே போனாள். யார் வீடு என்று சொல்லாமல் கோளாறு சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லலாம் என்று முடிவெடுத்திருந்தாள். அவள் எழுவதற்கு முன் முனியாண்டி எழுந்தார். புது லைன் ஆட்களையும் அவரே போய்க் கூப்பிட்டு வந்திருந்தார். பின்வரிசையில் அவர்கள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"கோளாறு எங்க வீட்டுல இருந்திச்சி" என்றார். "தெரியாம செஞ்சேன். ஆனா தெரியாததுக்கு இவங்க மேல பழியப் போட்டோம். அதத் தெரிஞ்சேதான் செஞ்சோம்." அவ்வளவுதான் பேசினார். அறுத்துப் பார்ப்போம் என்று சொன்ன மனிதர் கூட்டம் கலைந்தபோது ஷாஹிதுலிடம் போய், தன் மகன் போனில் ஏதோ வரவில்லை, பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அப்படித்தான் இருந்தது. அவன் பார்த்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. யாருக்கு வரவில்லை என்றாலும் முதலில் போனில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். "பூவு, எனக்குப் பத்துலதான் இருக்கு, அப்பவும் வரல" என்று குமுதா சொன்னால், கோளாறு உள்ளே இல்லை, ஆபீஸ் பக்கம் என்று பூவிழிக்கு வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

செய்தி தோட்டத்தைத் தாண்டிப் போயிற்று. குகன் சரக்கு ஏற்றும் இடங்களில் தன் மனைவியைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டான். லெம்பா பெர்த்தாமில் காய்கறி பயிரிடும் ஒருவர், தன் குளிர் அறைகளின் வெப்பத்தை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார். வெப்பமானிகளின் எண் அடிக்கடி மாறினால் தேடிப் பிடிக்க முடியாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் மாறாத எண்ணாக ஒதுக்கி, அதை அந்தந்தக் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்தாள். திரிங்காப்பில் பூ வளர்ப்பவர்கள் கூப்பிட்டார்கள். வேலை கூடியபோது ஷாஹிதுலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பம் ஏறச் சேர்த்துக்கொண்டாள். எட்ரியன், "நெட்வொர்க் பரீட்சை ஒண்ணு இருக்கு, எழுதுங்க. சர்ட்டிபிகேட் இருந்தா பெரிய வேலைக்கும் கூப்பிடுவாங்க" என்றான். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால் அவள் தயங்கினாள். ஆனாலும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். எண்களைப் பூஜ்யமும் ஒன்றுமாக மாற்றும் கணக்கில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறாள்.

சென்ற மாதம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலிருந்து நடாலி என்ற பெண் கூப்பிட்டாள். அங்கே பாலர் பள்ளியில் ஆசிரியை. அந்தத் தோட்டத்துக்குக் கம்பி வர வழியில்லை. இரண்டு மலையிலும் ஒருவரையொருவர் பார்த்தபடி தட்டு ஆன்டெனா வைத்தால் காற்று வழியாகவே இணைக்கலாம் என்று பூவிழி சொன்னாள். இரு மேனேஜர்களும் பேசி ஒத்துக்கொண்டார்கள்.

தட்டு வைத்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவின் உச்சியில் பூவிழி போனில் நடாலியோடு பேசியபடி நின்றாள். முனியாண்டி இரும்புக் கம்பத்தைப் பிடித்திருந்தார், ஷாஹிதுல் மேலே தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். எதிர் மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

"நடாலி, உங்க பக்கம் என்ன விளக்கு?"

"மஞ்சள்தான் அக்கா. இன்னும் பச்சை வரல."

"ஷாஹிதுல், இடது பக்கம் கொஞ்சம். கொஞ்சம்தான்."

லேப்டாப்பில் எதிர்ப்பக்கப் பெட்டியின் எண்ணைப் போட்டுப் பிங் அடித்தாள். இருக்கிறாயா என்று கேட்பதுதான் அது. இருந்தால் அங்கிருந்து இருக்கிறேன் என்று பதில் வரும். திரையில் பதில் இல்லை என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தது. முனியாண்டி கால் மாற்றி நின்றார்.

ஷாஹிதுல் தட்டை ஒரு நூல் அளவு மேலே தூக்கினான். ஒரு வரி மாறியது. அடுத்ததும் மாறியது. பிறகு நிற்காமல் பதில் வந்துகொண்டே இருந்தது.

"பச்சை" என்றாள் நடாலி போனில். அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அப்படியே வச்சி இறுக்கு" என்றாள் பூவிழி மேலே பார்த்து. ஷாஹிதுல் ஸ்பேனரை எடுத்தான்.